மூன்று சாலைகள், ஒரு மலைத்தொடர்

மழை ஓய்ந்து வெளுத்த காலையில் ஈப்போவில் நின்று கிழக்கே பார்த்தால் திதிவங்சா மலைத்தொடர் தெரியும். மேற்கே திரும்பினால் கிளெடாங் மலை. அதற்கு அப்பால் பேராக் ஆறு. ஆற்றைத் தாண்டினால் பிந்தாங் மலைகள். வடக்குத் தெற்காக நீளும் இந்த மூன்று மலைகளிலும் காடு இருக்கிறது. ஆனால் ஈப்போ பக்கத்தில் ஒரு மலைக் காட்டிலிருந்து இன்னொரு மலைக் காட்டுக்கு நிழலிலேயே நடந்து போக வழியில்லை. நடுவே நெடுஞ்சாலை, தண்டவாளம், பழைய ஈயக் குட்டைகள், செம்பனை, வீடமைப்புப் பகுதிகள், தொழிற்பேட்டைகள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியும் காடுதான். இன்று கிளெடாங் மலை நாலாபுறமும் மனிதர்கள் சூழ்ந்த ஒரு பச்சைத் தீவு. அதன் வடக்குப் பகுதியையும் குடைந்துகொண்டு, மெனோரா சுரங்கப்பாதை வழியாக வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை போகிறது.

இந்த இடைவெளி எப்படி விழுந்தது என்று கேட்டால், ஈயமும் ரப்பரும்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. ஈயத்தையும் ரப்பரையும் உள்ளே அழைத்து வந்தது பாதை. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. 1890களில் கிந்தா பள்ளத்தாக்குக்குள் தண்டவாளம் நுழைந்தது. கோப்பெங், கம்பார், தாப்பா என்று ஈய ஊர்களைக் கோத்துக்கொண்டு சாலையும் நீண்டது. கோலகங்சாரில் 1877இலேயே ரப்பர் கன்றுகளை நட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை எகிறியபோது காடு பெரிய அளவில் தோட்டமானது. அப்படி உருவான தோட்டங்கள் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில், சாலையும் ரயிலும் ஏற்கெனவே போட்ட வழியை ஒட்டியே அடர்ந்தன. கிழக்கிலும் மண் இருந்தது, மழை இருந்தது. சாலை இல்லை.

அந்தச் சாலைகளுக்குக் கல் உடைத்தவர்களிலும், தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்தவர்களிலும் பெருந்தொகையானவர்கள் தமிழர்கள். அடுத்த கட்டம் எப்படி நடந்தது என்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு ஒரு செம்மண் சாலை. அதிலிருந்து ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு கிளை. டிவிஷனுக்குள் பால் ஸ்டோருக்கு ஒன்று, லயத்துக்கு ஒன்று, நிரைகளுக்கு நடுவே வாளி தூக்கி நடக்கும் ஒற்றையடித் தடங்கள். விடியற்காலையில் வெட்டிய பால் உறைவதற்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் எந்த நிரையும் பாதையை விட்டுத் தொலைவில் இருக்க முடியாது. ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தபோதும் இதே கதைதான். பறித்த குலையை விரைவில் ஆலைக்கு அனுப்ப வேண்டும். பழைய செம்மண் சாலையில் லோரி ஓடியது. பயிர் மாறியது, பாதை அப்படியே நின்றது. ஒரு முறை போட்ட சாலை காடாகத் திரும்பியதற்குப் பேராக்கில் உதாரணம் தேடுவது கடினம்.

காடு துண்டாவதை ஆராய்கிறவர்கள் உலகம் முழுவதும் கண்டதும் இதே வரிசைதான்: முதலில் சாலை, பிறகு கிளை, பிறகு வெட்டு. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் பி.ஆர். 364 என்ற நெடுஞ்சாலைக்கு 1980களில் தார் போட்டார்கள். அதிலிருந்து சம இடைவெளியில் இருபுறமும் குடியேற்றச் சாலைகள் கிளம்பின. விண்ணிலிருந்து எடுத்த படங்களில் அது மீன்முள் வடிவில் விழுந்தது. முட்களுக்கு இடையில் மிஞ்சிய காடும் ஆண்டுக்காண்டு மெலிந்தது. அமேசான் காட்டழிப்பில் ஏறக்குறைய 95 விழுக்காடு, சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ பெரிய ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ நடந்திருக்கிறது என்று 2014இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அங்கே அரசு போட்ட ஒவ்வொரு கிலோமீட்டர் சாலைக்கும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கள்ளச் சாலை முளைத்திருந்ததாகவும் அதே ஆய்வு சொன்னது.

சாலைக்காக வெட்டும் மரங்கள் மொத்த இழப்பில் சிறு பங்குதான். கத்தரித்த துணி ஓரத்திலிருந்து நூல் பிரிவதுபோல, காடும் வெட்டிய விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கலைகிறது. மழைக்காட்டின் உள்ளே காற்று அசையாது, ஈரம் தங்கும், தரையில் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். பக்கத்தில் சாலை வந்ததும் பக்கவாட்டில் வெயில் நுழைகிறது, சூடான உலர் காற்று நுழைகிறது. நூறு ஆண்டு நின்ற பெரிய மரம் அந்தக் காற்றுக்குப் பழக்கப்பட்டதல்ல. கிளை உதிர்த்து, நின்ற நிலையில் பட்டுப்போகும்; அல்லது ஒரு புயல் மழையில் வேரோடு சாயும். அந்த இடத்தில் வெயில் விரும்பும் செடிகளும் கொடிகளும் ஏறிக்கொள்கின்றன. பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே 1979இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், விளிம்பிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்த காடு, துண்டான 10 முதல் 17 ஆண்டுகளுக்குள் தன் மர எடையில் 36 விழுக்காடு வரை இழந்தது. அந்த 100 மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 120 கிலோமீட்டர் நீளச் சாலைக்கு இருபுறமும் 100 மீட்டர் என்றால் 2,400 ஹெக்டர். ஒரு மரம்கூட வெட்டாமல் பாதிப்புக்குள்ளாகும் பரப்பு அது.

இனி பேராக்குக்கே வரலாம். திதிவங்சா மலைத்தொடர்தான் தீபகற்பத்தின் முதுகெலும்பு. பேராக் பக்கத்திலிருந்து அதன் மேல் ஏறிய மூன்று சாலைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், ஒரே மலையில் ஒவ்வொரு சாலையும் வெவ்வேறு விதமாகக் காட்டை உடைத்திருப்பது தெரியும்.

முதலாவது, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுச் சாலை. 1930களின் தொடக்கத்தில் அது திறந்தது. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் அந்தச் சாலையோடு வளர்ந்தது. சரிவுகளைத் திருத்தித் தேயிலை நட்டதும் கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் தமிழர் கைகள். பிறகு காய்கறி, பூ, விடுதிகள். மலைக்காட்டின் நடுவில் ஒரு பெரிய திறப்பு விழுந்தது. அது ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போனது.

சிம்பாங் பூலாய் சாலை அண்மையில் வந்தது. ஈப்போவுக்குத் தெற்கே தொடங்கி, போஸ் சிலிம் வழியாக ஏறி, கேமரன் மலையின் வடமுனையைத் தொட்டு, கிளந்தானில் குவா மூசாங்கை நோக்கி இறங்குகிறது. 2000களின் முற்பகுதியில் திறந்தது. மலையைச் செங்குத்தாக வெட்டிப் போட்ட சாலை என்பதால், கட்டும்போதே மாபெரும் நிலச்சரிவைச் சந்தித்தது. ஆனால் காட்டுக்கு நேர்ந்தது அந்தச் சரிவோடு முடியவில்லை. சாலை வந்த சில ஆண்டுகளில், கிளந்தான் எல்லைக்குள் இருக்கும் லோஜிங் மேட்டுநிலத்தில் காய்கறித் தோட்டங்கள் சரிவு சரிவாக ஏறின. முன்பு தெமியார் பழங்குடி மக்களின் ஊர்களும் காடும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூரைகளும் சிவந்த மண் வெட்டுகளும் வந்தன; மழைக்குப் பின் ஆறுகள் சேறாக ஓடின. லோஜிங்கில் கீரை விளையும் என்பது அதற்கு முன்பும் தெரிந்ததுதான். வாடாமல் சந்தைக்குக் கொண்டுபோக வழி வந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, கெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை. இதன் கதை நீளம்.

1970இல் வேலை தொடங்கியபோது கெரிக்குக்கு அப்பால் கம்யூனிஸ்டு கெரில்லாக்களின் காடு. 1974இல் அவர்கள் கட்டுமான முகாமைத் தாக்கி இயந்திரங்களை அழித்தார்கள். தொழிலாளர்களும் காவலுக்கு நின்ற வீரர்களும் உயிரிழந்தார்கள். சாலையோர நினைவுச் சின்னம் அவர்களுக்கானது. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் 1982 ஜூலையில் சாலை திறந்தது. அதுவரை பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்குப் போக வேண்டுமானால் கோலாலம்பூர் வழியாகவோ தாய்லாந்து வழியாகவோ சுற்ற வேண்டும். கிளந்தான் மக்களுக்கு இந்தச் சாலை எவ்வளவு பெரிய விடுதலை என்பதை மறந்துவிட்டு இதைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

தொடக்க ஆண்டுகளில் பாதுகாப்புக் காரணத்தால் இந்தச் சாலையில் இரவுப் பயணத்துக்கு அனுமதி இல்லை. 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு அமைதி உடன்பாடு கையெழுத்தானது, அச்சம் நீங்கியது. காட்டைக் காக்க வேண்டும் என்று நினைத்து யாரும் அந்தத் தடையைப் போடவில்லை. ஆனாலும் தாப்பா சாலைக்கும் லோஜிங்குக்கும் நேர்ந்தது இங்கே அதே வேகத்தில் நேராமல் போனதற்கு, ராணுவம் காத்த அந்தக் காலம் ஒரு முக்கியக் காரணம் என்றே சொல்ல வேண்டும். கெரிக்கை விட்டுக் கிளம்பிய தொடக்கத்தில் செம்பனையும் ரப்பரும் உண்டு. பிறகு தெமெங்கோர் ஏரியின் மேல் பாலங்கள். அப்புறம் மலையுச்சி வரைக்கும் இருபுறமும் காடு. வடக்கே ரோயல் பெலும் மாநிலப் பூங்கா, 1,17,500 ஹெக்டர், 2007இல் அரசிதழில் வெளியானது. தெற்கே தெமெங்கோர் வனக் காப்பகம். அங்கே மரம் வெட்டும் உரிமம் உண்டு; மரம் ஏற்றும் லோரிகளுக்கான மண்சாலைகள் உள்ளே பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

இந்த இரண்டு காடுகளுக்கும் நடுவே போகும் தார்க்கோட்டை யானைகள் எப்படிப் பார்க்கின்றன? மலேசிய நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தில் அஹிம்சா காம்போஸ்-ஆர்சீஸ் தொடங்கிய யானை ஆய்வுக் குழு, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானோடு சேர்ந்து காட்டு யானைகளுக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டிக் கண்காணித்தது. 2018இல் வெளியான அவர்களின் ஆய்வுப்படி, சாலை யானைகளின் குறுக்கு நடமாட்டத்தை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைத்திருந்தது. சுவர் இல்லை, வேலி இல்லை. இருந்தும் ஐந்தில் நான்கு பங்கு தடை. அதே சமயம் யானைகள் சாலையை விட்டு ஓடவும் இல்லை. வெயில் படும் சாலையோரத்தில் புல்லும் இளஞ்செடிகளும் செழிக்கின்றன. அடர்காட்டுக்குள் தேடி அலைய வேண்டிய தீனி அங்கே வரிசையாக முளைத்துக் கிடக்கிறது. ஆகவே யானை சாலைக்கு அருகே வருகிறது, மேய்கிறது, கடக்கத் தயங்குகிறது. கடப்பதானால் இருட்டிய பிறகுதான்: பதிவான கடப்புகளில் ஐந்தில் நான்கு, மாலை 7 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையே நடந்தன.

2025 மே 11, அன்னையர் தினம். விடியலுக்கு முன், கோழிகளை ஏற்றிவந்த லோரி ஒன்று இந்தச் சாலையில் ஓர் ஆண் யானைக் குட்டியின் மேல் மோதியது. ஏறக்குறைய ஐந்து வயதுக் குட்டி. லோரியின் அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை அங்கிருந்து நகர மறுத்தது. லோரியின் முகப்பில் தலையை முட்டுக் கொடுத்து, தள்ளித் தள்ளிப் பார்த்தபடி நின்றது. அந்தக் காணொளி நாடு முழுவதும் கைப்பேசிகளில் ஓடியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 9 நள்ளிரவுக்குப் பின் அதே சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். அந்த விபத்தில் யானைக்குப் பங்கில்லை. ஆனால் வளைவும் இறக்கமும் பனிமூட்டமும் நிறைந்த ஒரு மலைச்சாலையில் நள்ளிரவில் கனரக வண்டிகளும் தொலைதூரப் பேருந்துகளும் ஓட வேண்டுமா என்ற கேள்வி, விலங்குக்காகக் கேட்டாலும் மனிதருக்காகக் கேட்டாலும் ஒரே கேள்விதான்.

தமிழ்நாட்டு எல்லையில் இதற்குப் பதில் தேடியிருக்கிறார்கள். முதுமலையை அடுத்த பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் ஊடே போகும் தேசிய நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. அவசர ஊர்திகளும் குறிப்பிட்ட சில பேருந்துகளும் மட்டும் போகலாம். கேரளத்திலிருந்து எதிர்ப்பு வந்தது, இன்னும் வருகிறது, தடை நிற்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் திம்பம் மலைப்பாதையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022 பிப்ரவரியில் இரவுத் தடை அமலானது. தாளவாடி விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள், அவர்களின் சிரமமும் உண்மையானது. உள்ளூர்க்காரர்களுக்கு விலக்குகள் கிடைத்தன. கெரிக் சாலையில் பெருநாள் காலத்தில் ஊர் திரும்பும் கிளந்தான் குடும்பங்களின் வரிசையை நினைத்தால், முழு இரவும் மூடுவது எளிதல்ல. ஆனால் சரக்கு லோரிகளுக்கும் விரைவுப் பேருந்துகளுக்கும் மட்டும் நள்ளிரவிலிருந்து விடிகாலை வரை தடை போட்டுப் பார்க்க என்ன தயக்கம்? ஒரு காலத்தில் துப்பாக்கிக்குப் பயந்து மூடிய சாலைதான் இது. மூட முடியாத சாலை என்று யாரும் சொல்ல முடியாது.

பாலம் கட்டும் வழியும் இருக்கிறது. கெரிக் அருகே சாலையைச் சுமார் 200 மீட்டருக்குத் தூண்கள்மேல் தூக்கிவிட்டு, அடியில் யானைகள் போக இடம் விட்டிருக்கிறார்கள். பகாங்கில் சுங்கை யூவிலும் திரெங்கானுவில் ஆரிங்-கென்யிர் சாலையிலும் இப்படிப்பட்ட மேம்பாலங்கள் உண்டு. செலவு மிக அதிகம், ஆனாலும் வேண்டியவைதான். ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலையில் 200 மீட்டர் வாசல் எத்தனை கூட்டத்துக்குப் போதும்? அடியில் நடக்கத் தெரியாத உயிர்களும் உண்டு. கிப்பன் குரங்கு தரையில் இறங்குவதே அரிது. கிளைக்குக் கிளை கை போட்டுத்தான் போகும். மேலே கிளைகள் தொடாத அகலத்துக்குச் சாலை விரிந்ததும் அதன் உலகம் அங்கே முடிந்துவிடுகிறது. பினாங்கில் தெலுக் பஹாங் சாலையின் குறுக்கே, தீயணைப்புப் படை கழித்துப்போட்ட நீர்க்குழாய்களை முறுக்கி 2019இல் ஒரு மரவுச்சிப் பாலம் கட்டினார்கள், இலை தின்னும் லங்கூர் குரங்குகளுக்காக. லங்கூர்கள் அதில் நடக்கக் கற்றுக்கொண்டன. மேம்பாலத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகச் சொற்பம்.

புலிக்குச் சாலை செய்யும் கேடு வேறு வகை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தால் சில மணி நேரத்தில் காட்டின் உள்ளே. அங்கே கம்பிக் கண்ணி. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி போன்ற மலிவான பொருள் போதும். மானுக்கு வைத்தாலும் புலிக்கு வைத்தாலும் கண்ணி ஆள் பார்ப்பதில்லை. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. பெலும்-தெமெங்கோர் அவற்றின் கடைசிக் கோட்டைகளில் ஒன்று. ஜஹாய் இளைஞர்கள் உட்பட ஓராங் அஸ்லிப் பழங்குடி மக்கள் ரோந்துக் குழுக்களில் சேர்ந்து நாள்கணக்கில் காட்டில் தங்கிக் கண்ணிகளை அகற்றிய பிறகுதான் நிலைமை தேறத் தொடங்கியது. தெமெங்கோருக்குள் கைவிட்டுப் போன லோரிப் பாதைகளை மறித்துத் திரும்ப மரம் வளர விடுவது அந்த ரோந்துக்கு இணையான வேலை. அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

சாலையோர நிலத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கெரிக் நெடுஞ்சாலையை ஒட்டிய காடு நெடுங்காலம் வெறும் மாநில அரசு நிலமாக இருந்தது. நாளைக்கே யாருக்காவது விவசாயத்துக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்ற நிலை. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டதற்குப் பின், 2013இல் பேராக் அரசு அதில் 18,000 ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்பை அமன்ஜெயா வனக் காப்பகமாக அறிவித்தது. பெலும் காட்டையும் தெமெங்கோர் காட்டையும் இணைத்து வைத்திருப்பது அந்தப் பட்டை நிலம்தான். மேம்பாலத்தைவிட அந்த அறிவிப்பே பெரிய காரியம். பாலத்தின் இரு முனையிலும் காடு இல்லாவிட்டால் பாலத்துக்கு அடியில் யார் நடப்பது?

மலேசிய அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில். கூட்டரசு நெடுஞ்சாலையைப் போடுவது கோலாலம்பூர். அதன் ஓரத்தில் தோட்டத்துக்கு உரிமம் தருவது மாநிலம். காடு வெட்டினால்தான் மாநிலத்துக்கு வருமானம் என்றிருந்தால் எந்த மந்திரி பெசாரும் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. எட்டு மாநிலங்களின் காடுகளை மீண்டும் இணைக்க 2010இல் தீட்டிய மத்திய வன முதுகெலும்புத் திட்டம் மெதுவாகவே நகர்ந்ததற்கு இந்தப் பணக் கணக்கும் காரணம். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019இலிருந்து ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறது. 60 மில்லியன் ரிங்கிட்டில் தொடங்கியது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 250 மில்லியனுக்கு உயர்ந்தது. அதைப் பங்கிடும்போது ஹெக்டரோடு சேர்த்துக் காடு எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். 10,000 ஹெக்டர் ஒரே காடாக இருப்பதும், 100 ஹெக்டர் துண்டுகள் நூறாகச் சிதறிக் கிடப்பதும் பதிவேட்டில் ஒரே எண். காட்டு வழியாக ஒரு கிளைச் சாலைக்கு அனுமதி மறுத்த மாநிலத்துக்கு அந்த மறுப்புக்காகவே அடுத்த ஆண்டு கூடுதல் தொகை வரவேண்டும். லோஜிங்கைப் போல ஓரம் திறந்துவிட்ட மாநிலத்துக்கு அது குறைய வேண்டும்.